திரும்பிப் பார்க்காத தேடல்

1787 அக்டோபரில் நியூயார்க் செய்தித்தாள்களில் 'பப்ளியஸ்' என்ற புனைபெயரோடு கட்டுரைகள் வரத் தொடங்கின. அமெரிக்காவின் புதிய அரசியல் சட்டத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மக்களிடம் வாதாடிய கட்டுரைகள். மொத்தம் 85. புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர்கள் மூன்று பேர்: அலெக்சாண்டர் ஹாமில்டன், ஜேம்ஸ் மேடிசன், ஜான் ஜே. பெரும்பாலான கட்டுரைகளை எழுதியது யார் என்பதில் சிக்கல் இல்லை. 12 கட்டுரைகள் மட்டும் ஹாமில்டனுடையவையா மேடிசனுடையவையா என்ற வழக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் தீராமல் கிடந்தது.

அந்த வழக்கைப் புள்ளியியல் அறிஞர்கள் ஃபிரெடரிக் மோஸ்டெல்லரும் டேவிட் வாலஸும் 1964-இல் தீர்த்தார்கள். கருத்தை வைத்து அல்ல, சில்லறைச் சொற்களை வைத்து. ஆங்கிலத்தில் 'ஆன்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'அப்பான்' என்று எழுதுவது ஹாமில்டனின் பழக்கம். ஆயிரம் சொற்களுக்குச் சுமார் மூன்று தடவை. மேடிசனிடம் அந்தச் சொல் அபூர்வம். இப்படிப் பல சொற்களை எண்ணிக் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் 12 கட்டுரைகளும் மேடிசன் பக்கம் சாய்ந்தன. தொடக்கத்தில் இந்த எண்ணும் வேலை கையால் நடந்தது. காகித நாடாவில் சொற்களை அச்சிட்டு, துண்டு துண்டாக நறுக்கி, அகரவரிசையில் அடுக்கினார்கள்.

சில ஆண்டுகள் கழித்து, நியூஜெர்சியின் மரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில் லீ மக்மகான் அதே கட்டுரைகளைக் கணினியில் போட்டு ஆராய விரும்பினார். முழுத் தொகுப்பும் பத்து லட்சம் பைட்டுக்கு மேல். ஆய்வகத்தில் யூனிக்ஸ் இயங்குதளம் ஓடிய பிடிபி-11 கணினியின் முகவரிகள் 16 பிட் நீளம்; ஒரு நிரலால் ஒரே சமயத்தில் 65,536 பைட்டுக்கு மேல் கண்ணால் பார்க்க முடியாது. 'எட்' என்ற தொகுப்பு நிரலுக்குத் தேடத் தெரியும். ஆனால் இவ்வளவு பெரிய கோப்பைத் திறக்க அதனால் ஆகாது.

எட்-இல் ஒரு கட்டளை உண்டு. 'ஜி' என்றால் கோப்பு முழுவதும். நடுவே இரண்டு சாய்கோடுகளுக்குள் தேட வேண்டிய வடிவம், அதாவது ரெகுலர் எக்ஸ்பிரஷன், சுருக்கமாக 'ஆர்இ'. கடைசியில் 'பி' என்றால் அச்சிடு. ஜி/ஆர்இ/பி. அதே ஆய்வகத்தின் கென் தாம்சன் எட்-இலிருந்து அந்தத் தேடும் பகுதியை மட்டும் உருவித் தனி நிரலாக்கினார். பெயரும் அந்தக் கட்டளையே: கிரெப். யூனிக்ஸின் நான்காம் பதிப்பில், 1973-இல், அது இடம்பெற்றது.

பிறப்புக் கதை வேறு விதமாகவும் சொல்லப்படுகிறது. சக ஆய்வாளர் டக் மெக்கில்ராய் ஒரு நாள் தாம்சனிடம் இப்படி ஒரு கருவி வேண்டும் என்றாராம். மறுநாள் காலையில் நிரல் தயார். தாம்சனின் தரப்போ, 'எஸ்' என்ற பெயரில் அதைத் தன் சொந்த உபயோகத்துக்கு ஏற்கெனவே வைத்திருந்தேன், அன்றிரவு ஒரு மணி நேரம் பிழை திருத்தியதுதான் வேலை என்பது. இரண்டு கதைகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்பதால் நான் இரண்டையும் நம்புகிறேன்.

உருவி எடுத்ததில் என்ன லாபம்? தொகுப்பு நிரல் கோப்பைக் கையில் வைத்திருக்க வேண்டும். நாம் எங்கே திருத்துவோம் என்று அதற்குத் தெரியாது. தேடும் நிரலுக்கு அந்தத் தலைவலி இல்லை. ஒரு வரியைப் படி. வடிவம் இருக்கிறதா? இருந்தால் அச்சிடு. வரியை மறந்துவிடு. அடுத்த வரி. இவ்வளவுதான். ஒரே ஒரு வரியைத் தாங்கும் நினைவகம் இருந்தால் போதும். கோப்பு பத்து லட்சம் பைட்டாக இருந்தால் என்ன, பத்தாயிரம் கோடி பைட்டாக இருந்தால் என்ன? இன்று சர்வர்களில் நாள்தோறும் குவியும் லாக் கோப்புகளை வேலை பார்ப்பவர்கள் கிரெப் செய்வது இந்த மறதியின் தயவில்தான்.

கருப்புத் திரையில் அது எப்படி இருக்கும் என்று பார்ப்போம். கதைகள் நிறைந்த கோப்புறை ஒன்று இருக்கிறது. 'மரம்' என்ற சொல் வரும் வரிகள் வேண்டும்.

கிரெப் -ஆர்என் 'மரம்' .

'ஆர்' என்றால் உள்கோப்புறைகளுக்குள்ளும் இறங்கித் தேடு. 'என்' என்றால் வரி எண்ணையும் சொல். கடைசிப் புள்ளி நாம் நிற்கும் கோப்புறை. எண்டர் தட்டியதும் கோப்பின் பெயர், வரி எண், வரி என்று கொட்டும். ஆனால் தமிழில் மரம் எப்போதும் மரமாக நிற்காது. மரத்தில், மரத்தை, மரங்கள் என்று உருமாறும். சரி, 'மர' என்று மட்டும் கொடுப்போம் என்றால் மரபு, மரணம், மரியாதை எல்லாம் வந்து விழும். இங்கேதான் வடிவம் கை கொடுக்கிறது:

கிரெப் -இஆர் 'மர(ம்|த்|ங்)' .

'இ' (பெரிய எழுத்தில்) என்றால் 'அல்லது' போன்ற குறிகளும் செல்லும். நெட்டுக்கோட்டுக்கு 'அல்லது' என்று பொருள். மர என்பதற்குப் பின் ம், த், ங் மூன்றில் ஒன்று வர வேண்டும். மரபும் மரணமும் மரியாதையும் ஒதுங்கிவிட்டன. ஆனால் ராஜாவுக்கு வீசிய சாமரமும், தேவர்களின் அமரத்துவமும், உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போன காலும் வந்து நிற்கும். கிரெப்புக்கு மரம் தெரியாது. எழுத்து வரிசை மட்டும்தான் தெரியும்.

இந்த வடிவ மொழி கணினிக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. 1943-இல் வாரன் மெக்கல்லக், வால்டர் பிட்ஸ் இருவரும் மூளையின் நரம்புகளைத் தர்க்க விசைகளாகக் கற்பனை செய்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அப்படிப்பட்ட நரம்பு வலை எந்தெந்த நிகழ்வு வரிசைகளை அடையாளம் காண முடியும் என்று 1951-இல் கணிதர் ஸ்டீஃபன் கிளீனி கேட்டார். அதற்கு விடையாக அவர் உண்டாக்கிய குறியீடுகளே ரெகுலர் எக்ஸ்பிரஷன், 1956-இல் அச்சேறியது. 'எத்தனை தடவை வேண்டுமானாலும்' என்று சொல்லும் நட்சத்திரக் குறிக்கு இன்றும் அவர் பெயர்தான். நரம்பைப் பற்றிய ஒரு கணிதக் கேள்வி, தொலைந்த வரியைத் தேடும் கருவியாக வந்து முடிந்திருக்கிறது. இப்படியொரு பயணத்தைத் திட்டமிட்டு நடத்தியிருக்க எந்த ஆராய்ச்சி நிதிக் குழுவாலும் முடியாது.

கிளீனியின் குறியீட்டை எடுத்து வேகமாகத் தேடும் வழியை 1968-இல் எழுதியவரும் தாம்சன்தான். அவர் வழியைப் புரிந்துகொள்ளத் தாயக்கட்டத்தை நினைத்துக்கொள்ளலாம். வடிவம்தான் கட்டம். மர(ம்|த்|ங்) என்றால், ம-வுக்கு ஒரு கட்டம், ர-வுக்கு ஒன்று, பிறகு பாதை மூன்றாகப் பிரிகிறது. கோப்பிலிருந்து படிக்கும் ஒவ்வோர் எழுத்தும் ஒரு தாயம். 'மரத்தை' என்ற சொல் வருகிறது. ம படித்தோம், காய் முதல் கட்டத்துக்கு ஏறியது. ர; இரண்டாம் கட்டம். இங்கே பாதை மூன்று. எதில் போவது என்று யோசிக்க வேண்டாம், மூன்றிலும் ஒரு காய் வை என்கிறார் தாம்சன். அடுத்து த. ம் பாதையிலும் ங் பாதையிலும் இருந்த காய்கள் வெட்டுப்பட்டன. த் பாதையின் காய் நகர்ந்தது. பிறகு புள்ளி. காய் பழம். வரியை அச்சிடலாம்.

இதில் மறைந்திருக்கும் அழகு வேறு. இரண்டு காய்கள் ஒரே கட்டத்துக்கு வந்துவிட்டால், இனி அவற்றின் தலைவிதி ஒன்றே; ஒரு காயை எடுத்துவிடலாம். ஆகவே எத்தனை பாதைகள் பிரிந்தாலும் காய்களின் எண்ணிக்கை கட்டங்களின் எண்ணிக்கையைத் தாண்டாது. கோப்பின் ஒவ்வோர் எழுத்தையும் ஒரே ஒரு தடவை படித்தால் போதும். முன்னே போய்த் தோற்று, பின்னே வந்து மறு பாதை பிடிக்கும் வேலையே கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், 1973-இன் கிரெப்பில் தாம்சன் தன்னுடைய இந்த வழியைப் பயன்படுத்தவில்லை. அதன் வடிவ மொழி மிகச் சிறியது, 'அல்லது' கூடக் கிடையாது. ஆகவே எட்-இல் இருந்த எளிய வழியே, அதாவது தோற்றால் திரும்பி வந்து மறுபடி முயலும் வழியே, போதுமாக இருந்தது. முழு மொழியும் வேகமான வழியும் ஒன்றுசேர்ந்தது பெல் ஆய்வகத்தின் ஆல்ஃபிரட் ஆஹோ எழுதிய ஈகிரெப்பில். 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு அது வெளியே போனது. காய்கள் எந்தெந்தக் கட்டங்களில் நிற்கின்றன என்ற ஒவ்வொரு நிலைமைக்கும் ஓர் எண் கொடுத்து, 'இந்த எண்ணில் இருக்கும்போது இந்த எழுத்து வந்தால் அந்த எண்ணுக்குப் போ' என்று அட்டவணை போட்டுவிட்டார் ஆஹோ. பிறகு எழுத்துக்கு ஒரு முறை அட்டவணையைப் பார்ப்பது மட்டுமே வேலை.

திரும்பி வந்து முயலும் வழி அதோடு ஒழிந்ததா என்றால் இல்லை. நிரல் எழுதுகிறவர்களுக்கு வசதிகள் கூடுதலாகத் தேவைப்பட்டன. முன்னால் வந்த அதே சொல் மறுபடி வருகிறதா என்று கேட்பது போன்றவை. அவற்றைக் காய் முறையில் நேரடியாகச் செய்ய முடியாது. பெர்ல், பைத்தான், ஜாவா என்று வந்த மொழிகள் எல்லாம் ஒற்றைக் காயோடு முட்டி மோதித் திரும்பும் முறையையே எடுத்துக்கொண்டன. பெரும்பாலான நாட்களில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் 2007-இல் நிரலாளர் ரஸ் காக்ஸ் வேண்டுமென்றே சிக்கலான ஒரு வடிவத்தைச் செய்து 29 எழுத்துள்ள ஒரு வரியில் தேடிக் காட்டினார். பெர்லுக்கு 60 விநாடிக்கு மேல் ஆனது. தாம்சனின் 1968 வழிக்கு 20 மைக்ரோ விநாடி.

அது சோதனைச் சாலைக் கதை. 2016 ஜூலை 20 அன்று உலகெங்கும் நிரலாளர்கள் நம்பியிருக்கும் ஸ்டேக் ஓவர்ஃப்ளோ 34 நிமிடம் முடங்கியது. காரணம், ஒரு பதிவில் யாரோ விட்டிருந்த சுமார் 20,000 வெற்றிடங்கள். வரியின் கடைசியில் இருக்கும் வெற்றிடங்களை நீக்கச் சொல்லும் ஒரு சாதாரண வடிவம், முதல் வெற்றிடத்தில் தொடங்கி 20,000 எட்டு நடந்து, 'அடடா, இது வரியின் கடைசி இல்லையே' என்று கண்டது. உடனே இரண்டாவது வெற்றிடத்திலிருந்து மறுபடி 19,999 எட்டு. மூன்றாவதிலிருந்து 19,998. கூட்டினால் ஏறக்குறைய 20 கோடி எட்டு. ஒரு மனிதன் கண்ணால் பார்த்தால் ஒரு நொடியில் விட்டுவிடக்கூடிய வேலை. 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் வலைப்பின்னல் 27 நிமிடம் தள்ளாடியதற்கும் இதே வகை வடிவம்தான் காரணம். உலகெங்கும் அதன் கணினிகள் அத்தனையும் ஒரே வேளையில் மூச்சுத் திணறின. திரும்பிப் பார்க்காத இயந்திரத்துக்கு மாறுகிறோம் என்று அறிவித்தார்கள். அரை நூற்றாண்டுக்கு முன் அச்சான தீர்வு அது.

ஒரு முறை மட்டும் படிப்பதைவிட வேகமான வழி உண்டா? உண்டு. படிக்காமலே விடுவது.

1977-இல் ராபர்ட் பாயர், ஜே ஸ்ட்ராதர் மூர் இருவரும் வெளியிட்ட வழி அது. 'சுதந்திரம்' என்ற சொல்லைத் தேடுகிறோம். சு, த, ந், தி, ர, ம் என்று ஆறு எழுத்து. நாம் முதலெழுத்தை ஒப்பிடத் தொடங்குவோம். அவர்கள் கோப்பின் ஆறாவது எழுத்தைப் பார்த்தார்கள். அது 'கா' என்று வைத்துக்கொள்வோம். சுதந்திரத்தில் கா எங்குமே இல்லை. ஆகவே முதல் ஆறு இடங்களில் எங்கே தொடங்கினாலும் அந்தச் சொல் அமையாது. முந்தைய ஐந்து எழுத்துகளை ஏறெடுத்தும் பார்க்காமல் ஆறு இடம் தாண்டிக் குதிக்கலாம். ஆறாவது எழுத்து 'த' என்றால்? அது சொல்லில் இரண்டாம் இடத்தில் இருக்கிறது. நான்கு இடம் நகர்த்திப் பொருத்திப் பார்க்கலாம். தேடும் சொல் நீளமாக ஆக, குதியும் நீளமாகும், தேடல் வேகமாகும். நீளமான சொல்லைத் தேட அதிக நேரம் ஆகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

லினக்ஸ் கணினிகளில் இன்று இருக்கும் குனு கிரெப்பை 1988 வாக்கில் எழுதிய மைக் ஹேர்ட்டல் இதைக் கடைசிச் சொட்டு வரை பிழிந்தார். வடிவத்துக்குள் கட்டாயம் வந்தே தீர வேண்டிய சொல் துண்டு எது என்று முதலில் கண்டுபிடி. அதைக் குதித்துக் குதித்துத் தேடு. அது அகப்பட்ட இடத்தில் மட்டும் முழு வடிவத்தைச் சோதி. அதைவிடத் துணிச்சலான முடிவு, கோப்பை வரிகளாகப் பிரிக்காமல் விட்டது. ஒரு வரி எங்கே முடிகிறது என்று அறிய ஒவ்வொரு பைட்டையும் பார்த்தாக வேண்டும். பார்த்தால் குதிக்க முடியாது. ஆகவே பெரிய துண்டாகப் படித்து, சொல் அகப்பட்ட பிறகு அதற்கு முன்னும் பின்னும் வரி எல்லையைத் தேடுகிறது. வரி வரியாகத் தேடப் பிறந்த கருவி, வரிகளைக் கண்டுகொள்ளாமல் விட்டதால் வேகமெடுத்தது. 2016-இல் ஆண்ட்ரூ கேலண்ட் வெளியிட்ட ரிப்கிரெப் இதே சிக்கனத்தைக் கோப்புகளுக்கும் நீட்டியது. திட்டத்தில் புறக்கணிக்கச் சொல்லிக் குறித்த கோப்புகள், மறைகோப்புகள், படம் போன்ற எழுத்தல்லாத கோப்புகள் எதையும் அது சொல்லாமல் தொடாது.

தாம்சனுக்கு இந்தக் கதையில் மூன்றாவது வேடமும் உண்டு. அதுதான் தமிழ் வாசகருக்கு நெருக்கமானது. 1992 செப்டம்பரில் நியூஜெர்சியின் ஒரு சாப்பாட்டுக் கடையில், தட்டுக்குக் கீழே விரிக்கும் காகிதத்தில், சக ஆய்வாளர் ராப் பைக் அருகிலிருக்க, யூடிஎஃப்-8 குறியேற்றத்தை வரைந்தவர் அவர்தான். இன்று நாம் அலைபேசியில் தட்டும் தமிழ் எல்லாம் இந்தக் குறியேற்றத்தில்தான் போகிறது. ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். க என்றால் 224, 174, 149. எந்தத் தமிழ்க் குறியானாலும் முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175. ஒரு குறியின் பைட்டுகள் இன்னொரு குறியின் நடுவே தவறியும் தொடங்காதபடி அமைத்திருக்கிறார்கள். அதனால் தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே தெரியாத கிரெப்பும் பைட்டுகளைப் பைட்டுகளோடு ஒப்பிட்டே 'மரம்' என்பதைச் சரியாகக் கண்டுபிடித்துவிடுகிறது.

ஆனால் அது பார்ப்பது நம் எழுத்துகளை அல்ல. நாம் 'தமிழ்' என்பதை மூன்றெழுத்து என்கிறோம். கணினிக்கு அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறி, பதினைந்து பைட். 'கல' என்று தேடினால் கல், கலி, கலை எல்லாம் அகப்படுவது இதனால்தான். நம் கண்ணுக்கு 'ல்' வேறு எழுத்து, 'லை' வேறு எழுத்து. கணினிக்கு எல்லாமே ல, கூடவே ஒரு வால். மேலே மரியாதை வந்து விழுந்ததும் இப்படித்தான்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் இருக்கிறது: கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு வேறாக இருப்பது. 'கோ' என்பதை க-வும் ஓகாரக் குறியுமாக இரண்டு குறியில் எழுதலாம். க, இரட்டைக் கொம்பு, கால் என மூன்று குறியிலும் எழுதலாம். திரையில் மயிரிழை வித்தியாசமும் தெரியாது. கிரெப்புக்கு அவை இரண்டும் வெவ்வேறு. தமிழ் நூல்களை மின்னூலாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் ஆரம்ப கால மின்னூல்கள் பல, தமிழில் யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய திஸ்கி குறியேற்றத்தில் வந்தவை. அந்தக் கோப்புகளில் இன்றைய விசைப்பலகையில் தட்டிய எந்தச் சொல்லையும் தேடிப் பாருங்கள், மௌனம்தான். 'இல்லை' என்று கூடக் கிரெப் சொல்லாது. ஒன்றும் அச்சிடாமல் மறுபடி கட்டளைக்குக் காத்து நிற்கும். அந்த மௌனத்தை நம்பி 'இந்நூலில் இச்சொல் இல்லை' என்று ஆய்வேடு எழுதக் கிளம்புகிறவர்கள் மேலே சொன்னதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்வது நல்லது.

ஔவையாரையே தேடிப் பார்க்கலாம். 'ஔ' என்பது யூனிகோடில் தனிக்குறி. ஆனால் தட்டச்சுப் பழகிய பலர் ஒ-வை அடித்து அருகில் ள-வை அடித்துவிடுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். வாசிப்பவருக்கு அவர் ஔவையார், கணினிக்கு ஒள-வையார். போதாக்குறைக்கு அவ்வையார் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே

கிரெப் -இஆர் '(ஔ|ஒள|அவ்)வையார்' .

இதற்கும் தப்பி, ஒ-வுக்குப் பின்னால் ஔகார நீட்டக் குறியைத் தனியே சேர்த்து நான்காவதாக ஒரு ஔவையார் எங்காவது ஒரு கோப்பில் இருப்பார். அவருக்கு இன்னொரு நெட்டுக்கோடு போட வேண்டும்.